ரோக்ஃபோர்-சூர்-சூல்ஸோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு பிரான்ஸில் குடியிருப்பவர்கள், வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் கூட்டிப்போகும் இடங்களில் ரோக்ஃபோரும் ஒன்று. நானும் பலரைக் கூட்டிப்போயிருக்கிறேன். செம்மறிப்பாலில் செய்யும் நீல சீஸ் பதமாகும் குகைக்குள் நுழைந்ததும் ஆரம்பிக்கிற கேள்விகள் திரும்பி வரும் வண்டியிலும் ஓய்வதில்லை. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்டபடியே எழுதி எனக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன். பிரெஞ்சுப் பெயர்களை அங்கே காதில் விழுகிற ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

ரோக்ஃபோர்னா சீஸ் பேருன்னுதான் நினைச்சேன். அந்தப் பேர்ல ஊரே இருக்கா?

இருக்கிறது. ஊர்தான் முதலில், சீஸ் அதன் பெயரை எடுத்துக்கொண்டது. முழுப்பெயர் ரோக்ஃபோர்-சூர்-சூல்ஸோன். சூல்ஸோன் என்பது கீழே பள்ளத்தாக்கில் ஓடும் சிற்றாறு. ஒக்சித்தானி மண்டலத்தில் அவெரோன் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றைக்கு ஐநூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிற சின்னக் கிராமம்.

ஊரைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றம். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், ஆனால் மலைச்சரிவை ஒட்டி நீளவாக்கில் ஓடும் சில தெருக்கள், சாம்பல் நிறக் கல் கட்டடங்கள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது எல்லாம் தரைக்குக் கீழே இருக்கிறது.

எங்க இருக்கு? எப்படிப் போறது?

மியோ நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மோன்பெலியேவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பக்கத்து ஊரான தூர்னமீரில் ரயில் நிலையம் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் வண்டிகள் மிகக் குறைவு, அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். காரில் போகிறவர்கள் மியோ மேம்பாலத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே 2,460 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் அந்தப் பாலம் 2004 டிசம்பரில் திறக்கப்பட்டது.

குகைகளைச் சுற்றிப் பார்க்க நிறுவனங்களே ஏற்பாடு செய்கின்றன. ஜூலை மாத வெயிலில் போனாலும் கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். உள்ளே 8 முதல் 12 டிகிரிதான்.

இந்தக் குகையெல்லாம் ஆளுங்க தோண்டினதா, தானா உண்டானதா?

இரண்டும் உண்டு. ஊருக்கு மேலே நிற்பது கொம்பாலு என்ற சுண்ணாம்புக்கல் மேடு. அதன் அடியில் களிமண் கலந்த அடுக்கு இருக்கிறது. நீர் ஊறி அந்த அடுக்கு நழுவ, மேலே இருந்த பாறை விளிம்பு உடைந்து சரிந்துவிட்டது. சரிந்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பகுதி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் இருக்கும். அந்தப் பாறைகளுக்கு நடுவே விழுந்த பொந்துகள்தான் இயற்கைக் குகைகள். பிறகு மனிதர்கள் அவற்றை அகலப்படுத்தி, சுவர் எழுப்பி, தளம் போட்டு, பல அடுக்குக் கட்டடமாக ஆக்கினார்கள். தெருவில் நின்று பார்த்தால் சாதாரண வீட்டு முகப்பு மாதிரி இருக்கும். கதவைத் திறந்தால் படி கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும்.

குகையைவிட முக்கியம் பாறையில் இருக்கும் வெடிப்புகள். உள்ளூரில் அவற்றை ஃப்ளூரின் என்கிறார்கள். மலைக்குள்ளிருந்து ஈரக் காற்றை அவை குகைக்குக் கொண்டுவருகின்றன. வெளியே கோடையோ பனியோ, உள்ளே குளிரும் ஈரமும் பெரிதாக மாறுவதில்லை. ஈரப்பதம் 95 சதவீதத்துக்கும் மேல். வெடிப்பு வாய்க்கு மரக்கதவு போட்டிருப்பார்கள். எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்பது பதம் பார்க்கும் மேஸ்திரியின் கையில். போகிறவர்கள் அந்தக் கதவுப் பக்கத்தில் ஒரு நிமிடம் கையை நீட்டி நின்று பாருங்கள். விசிறியும் இயந்திரமும் இல்லாமல் குளிர்காற்று விரல் நடுவே நுழைந்து போவது தெரியும். இந்த ஊரின் பிழைப்பு முழுக்க அந்தக் காற்றில்தான் இருக்கிறது.

ஊரெல்லாம் சுத்திட்டோம், ஒரு ஆடுகூடக் கண்ணுல படலையே? பால் எங்கருந்து வருது?

நல்ல கேள்வி. ஊருக்குள் விளைவது எதுவுமில்லை. சரிவான பாறை நிலம், உழுவதற்கு இடமே கிடையாது. ஆடுகள் இருப்பது சுற்றியுள்ள மேட்டுநிலங்களில். அவெரோனின் பெரும்பகுதியும், பக்கத்து மாவட்டங்களான தார்ன், லோஸேர், ஏரோ, கார், ஓத் ஆகியவற்றில் சில பகுதிகளும் பால் எடுக்கும் எல்லைக்குள் வருகின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைக் குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன. பாலாடைக்கட்டியைத் திரட்டி உருட்டுவதும் அங்கங்கே இருக்கும் பால்நிலையங்களில்தான். ஊருக்கு வருவது பச்சைக் கட்டி, அதைப் பதமாக்கி அனுப்புவதே குகைகளின் வேலை.

பால் தருவது லகோன் என்ற செம்மறி இனம். தலையிலும் வயிற்றுப் பக்கத்திலும் ரோமம் அதிகம் இருக்காது, காது பக்கவாட்டில் நீண்டிருக்கும். சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் மழைத் தண்ணீர் நிற்பதில்லை, வெடிப்பு வழியே இறங்கிவிடும். வறண்ட புல்லும் குத்துச்செடியும்தான் விளையும். அந்த நிலத்தில் மாட்டைக் கட்டி மேய்க்க முடியாது, செம்மறி பிழைக்கும். புல் இருக்கும் காலத்தில் ஆடுகளைத் தினமும் வெளியே மேய்க்க வேண்டும், தீவனத்தில் குறைந்தது முக்கால் பங்கு இந்த எல்லைக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி.

இதை எப்படித்தான் செய்றாங்க?

காய்ச்சாத, ஆடை எடுக்காத செம்மறிப்பால். லேசாகச் சூடேற்றி, பாலைத் திரட்டும் நொதியான ரென்னட் விட்டுத் திரட்டி, சிறு கட்டிகளாக வெட்டி, அச்சில் போட்டு நீர் வடிய விடுவார்கள். பூஞ்சணத் தூளைப் பாலிலோ திரட்டிலோ கலந்துவிடுவார்கள். கல்லுப்பைத் தேய்த்துச் சில நாள் வைப்பார்கள். ஒரு வட்டு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும், அதற்கு ஏறத்தாழ 12 லிட்டர் பால் பிடிக்கும்.

குகைக்குப் போகுமுன் வட்டை நீள ஊசிகளால் மேலிருந்து கீழாகக் குத்துகிறார்கள், நாற்பது துளை போல விழும். பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும், துளை வழியாகத்தான் அது உள்ளே போகும். வெட்டிய துண்டை உற்றுப் பாருங்கள், நீலப்பச்சை நேர்க்கோடாக ஓடும் இடங்கள் தெரியும். அது ஊசி போன தடம். பிறகு கருவாலி மரப் பலகைகளில் வட்டுகளைச் சுற்றாமல், ஒன்றையொன்று தொடாமல், விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். குறைந்தது 14 நாள் அப்படிக் குகைக்காற்றில் இருக்க வேண்டும். அதன்பின் மெல்லிய ஈயத்தாளில் சுற்றிக் குளிரறையில் மெதுவாகப் பதமாக விடுவார்கள். மொத்தம் 90 நாள் ஆகாமல் விற்கக்கூடாது.

பூஞ்சணம் பிடிச்சதைச் சாப்பிட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?

இதில் வளர்வது பெனிசிலியம் ரோக்ஃபோர்டி. சாப்பிடத் தகுந்தது, நூற்றாண்டுகளாகச் சாப்பிட்டு வருவது. பென்சிலின் மருந்து எடுக்கப்பட்ட பூஞ்சணம் அதே குடும்பத்தின் வேறு இனம். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பூஞ்சணத்தைவிடக் கவனிக்க வேண்டியது காய்ச்சாத பால். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்க்க வேண்டும் என்றுதான் பிரான்ஸிலும் சொல்கிறார்கள். உப்பும் அதிகம், ரத்த அழுத்தக்காரர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைவமா இது?

முட்டையும் கறியும் இல்லை. ஆனால் மேலே சொன்ன ரென்னட் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. பால் பொருள்தானே என்று கண்டிப்பான சைவர்களுக்கு எடுத்து வைத்துவிடாதீர்கள், சொல்லிவிட்டு வையுங்கள்.

ஒரு மேய்ப்பன் ரொட்டியையும் திரட்டுப்பாலையும் குகையில மறந்துட்டுப் பொண்ணு பின்னாடி போனானாமே, நிஜமா?

கதைதான். குகைச் சுற்றுலாவில் தவறாமல் சொல்வார்கள். ஆனால் அதில் ஒரு உண்மை ஒட்டியிருக்கிறது. பூஞ்சணத்தைப் பழைய முறையில் ரொட்டியில்தான் வளர்த்தார்கள். கோதுமைக்கு நெருங்கிய இனமான ரை தானிய மாவில் பெரிய ரொட்டி சுட்டுக் குகையில் வாரக்கணக்கில் போட்டுவைத்து, உள்ளே பச்சையாகப் பூத்ததைக் காயவைத்துப் பொடித்துக்கொள்வார்கள். இன்றும் அந்த முறையை விடாத நிறுவனம் இருக்கிறது.

எழுத்தில் உறுதியாகக் கிடைப்பது அரசாணைகள். 1411ல் ஆறாம் சார்ல் மன்னர், பாலாடைக்கட்டியைப் பதமாக்கும் உரிமை ரோக்ஃபோர் வாசிகளுக்கே என்று பட்டயம் கொடுத்தார். ரோமானியரான பிளினி நீம் நகரத்துக்கு அப்பால் உள்ள மலைகளின் பாலாடைக்கட்டியைப் புகழ்ந்திருக்கிறார். அது ரோக்ஃபோர்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அவர் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

வேற இடத்துல இதே மாதிரி செஞ்சு இதே பேர்ல வித்தா என்ன தப்பு?

விற்க முடியாது, சட்டம் இருக்கிறது. 1666ல் தூலூஸ் உயர்மன்றம், வேறு ஊர்ச் சரக்கை ரோக்ஃபோர் என்று விற்கிற வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. 1925 ஜூலை 26ல் வந்த சட்டம், பிரான்ஸில் பாலாடைக்கட்டிக்குப் பிறப்பிடப் பெயர்க் காப்புக் கொடுத்த முதல் சட்டம். 1961ல் மியோ நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. தென் பிரான்ஸில் எங்கே செய்தாலும், கொம்பாலு மலையின் இயற்கைக் குகைகளில் பதமானது மட்டுமே ரோக்ஃபோர் என்றது. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்பும் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது அமெரிக்க வழக்கு. அமெரிக்காவில் இந்தப் பெயருக்கான சான்றுக்குறி 1953ல் பதிவானது. பதிவு செய்தது எந்தக் கம்பெனியும் இல்லை, ரோக்ஃபோர் கிராம நிர்வாகம். பிரான்ஸுக்கு வெளியே செய்த செம்மறிப்பால் சீஸை இந்தப் பெயரில் விற்ற நியூயார்க் இறக்குமதியாளர் மீது கிராமம் வழக்குப் போட்டு, 1962ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் ஜெயித்தது. அன்றைக்கு ஆயிரம் பேர் இருந்த ஊர் கடல் தாண்டிப் போய் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இது வெறும் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெயரை அந்தப் பாறையோடு கட்டிப்போடாமல் விட்டிருந்தால், சாலை வசதியும் மலிவான பாலும் உள்ள ஏதோவொரு சமவெளிக்குத் தொழில் எப்போதோ போயிருக்கும். மேட்டுநிலத்தில் ஆடும் இருந்திருக்காது, ஆட்டுக்காரரும் இருந்திருக்க மாட்டார்.

குகைக்குள்ள வேலை பார்த்தது யாரு?

பெரும்பாலும் பெண்கள். கபானியேர் என்று பெயர். உப்புத் தேய்ப்பது, மேலே படிந்த கசடைச் சுரண்டுவது, வட்டைத் திருப்பி நிறுத்துவது, ஈயத்தாளில் சுற்றுவது எல்லாம் அவர்கள் கைவேலை. மரச்செருப்பும் தடித்த உடையுமாக, நாள் முழுக்க அந்தக் குளிரிலும் ஈரத்திலும் நின்றார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பால் வரத்துள்ள மாதங்களுக்கு வந்து, ஊரிலேயே தங்கி வேலை செய்தவர்கள் ஏராளம். பழைய புகைப்படங்களில் நீள மேசையின் இருபக்கமும் வரிசையாக நிற்பார்கள். ரோக்ஃபோரின் வரலாற்றை அரசர் பட்டயத்தில் தொடங்கிச் சொல்கிறவர்கள் இவர்களை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

இவ்வளவு பணம் புழங்குற ஊர்ல ஏன் இத்தனை வீடு பூட்டிக் கிடக்கு?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பாதியாகிவிட்டது. வேலை இருக்கிறது, ஆனால் முன்பு பல கை செய்ததை இயந்திரம் செய்கிறது. கார் வந்தபின் தொழிலாளர்கள் சேன்-அஃப்ரீக், மியோ போன்ற ஊர்களில் குடியிருந்து வந்துபோகிறார்கள். நிழல் விழும் வடக்குச் சரிவில், பாறை அடியில், கட்டடங்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் பிள்ளைகளோடு குடியிருக்க யாருக்கும் ஆசை வராது. குகைக்கு வரமாக இருக்கிற குளிரும் ஈரமும் வீட்டுக்குச் சாபம்.

எல்லாம் ஒரே கம்பெனி கையில இருக்குன்னு சொல்றாங்களே?

ஏழு நிறுவனங்கள் இருக்கின்றன. பெரியது சொசியேத்தே. குகை உரிமையாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒன்றுசேர்ந்ததில் பிறந்தது, மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் அதனுடையது. 1990களிலிருந்து அது லாக்டாலிஸ் என்ற பெரிய பால்பொருள் குழுமத்தின் கையில். பப்பியோன், கப்ரியேல் கூலே, கார்ல், வெர்னியேர் போன்றவை மற்றவை. சில மிகச் சிறியவை. வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு மூன்று பேருடையதை அருகருகே வைத்துச் சுவைத்துப் பாருங்கள், ஒன்று வெண்ணெய் போலக் கரையும், இன்னொன்று நாக்கைக் கடிக்கும்.

பண்ணைக்காரர்களும் நிறுவனங்களும் 1930 முதல் ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சண்டை வராமல் இல்லை. ஆனாலும் ஆயிரம் சின்னப் பண்ணைகள் ஒரு பெரிய குழுமத்தின் எதிரே தனித்தனியாக நிற்க வேண்டியதில்லை என்பது சிறிய விஷயமல்ல.

ஆட்டுக்குட்டிகளுக்குப் பால் வேண்டாமா? அதுங்க என்ன ஆகுது?

ஏறக்குறைய ஒரு மாதம் தாயிடம் குடிக்கும். அதன்பின் பால் கறவைக்குப் போகும். மந்தைக்குத் தேவையான பெண்குட்டிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை இறைச்சிக்கு விற்றுவிடுவார்கள். கசப்பான பதில், ஆனால் அதுதான் நடப்பது.

மியோ நகரம் கையுறைக்குப் பேர் போனது இதனால்தான். இளங்குட்டியின் மெல்லிய தோல் ஏராளமாகக் கிடைத்தது, அதைப் பதனிட ஆற்றுத் தண்ணீர் இருந்தது. பாரிஸ் நாகரிகக் கடைகளுக்கு மியோ கையுறை போனது. சீஸ், இறைச்சி, தோல் மூன்றும் ஒரே மந்தையின் பொருளாதாரம்.

மெக்டொனால்ட்ஸை உடைச்சாங்களே, அதுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா தடுத்ததால், 1999ல் அமெரிக்கா பதிலடியாகச் சில ஐரோப்பியப் பொருட்களுக்கு 100 சதவீத வரி போட்டது, அதில் ரோக்ஃபோரும் ஒன்று. அந்த ஆகஸ்ட் 12ல் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸைப் பிரித்துப் போட்டார்கள். முன்னின்ற ஜோஸே போவே, ரோக்ஃபோருக்குப் பால் கொடுத்த, லார்ஸாக் என்ற மேட்டுநிலத்துப் பண்ணைக்காரர். சிறைக்கும் போனார். 2009 ஜனவரியில் வரியை 300 சதவீதமாக்கப் போவதாக அமெரிக்கா அறிவித்தது, அது நடப்புக்கு வருமுன் அந்த மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது.

இந்த மக்களுக்குப் போராட்டம் புதிதில்லை. 1971ல் லார்ஸாக் இராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக்க அரசு முடிவெடுத்தபோது, 103 பண்ணைக்காரர்கள் நிலத்தைத் தருவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். 1972ல் ஆடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஈஃபில் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். பத்தாண்டு விடாமல் நின்றார்கள். 1981ல் மித்தரான் அதிபரானதும் திட்டம் கைவிடப்பட்டது. முகாம் வந்திருந்தால் மேய்ச்சல் நிலத்தில் பெரிய பகுதி போயிருக்கும்.

அதே செம்மறிப்பால், அதே நீலக் கோடு, விலை மட்டும் கம்மியா ஒண்ணு கடையில இருக்கே. அதுவும் ரோக்ஃபோர்தானே?

இல்லை. லகோன் பாலெல்லாம் ரோக்ஃபோர் ஆவதில்லை. விற்பனை குறைந்த காலங்களில் மிஞ்சும் பால் வேறு சீஸ்களுக்குப் போகிறது. முன்பு ஃபெட்டா என்ற பெயரில் பெரிய அளவில் செய்தார்கள். அந்தப் பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று 2005ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்ததும் பெயரைக் கைவிட வேண்டியதாயிற்று. மேலே பெயர்ச் சட்டம் பற்றிச் சொன்னேனே, அதே வகைச் சட்டம் இங்கே எதிர்த்திசையில் வெட்டியது. நியாயமும் அதுதான்.

2019ல் சொசியேத்தே, ரோக்ஃபோர் என்ற பெயர் இல்லாமல், சுத்திகரித்த செம்மறிப்பாலில் ஒரு நீல சீஸைக் கொண்டுவந்தது. உறை பழைய ரோக்ஃபோரின் சாயலில் இருந்ததால் பண்ணைக்காரர்கள் தரப்பில் பெரிய எதிர்ப்பு. சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அவசரமாக எடுக்கிற வாடிக்கையாளர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தா வாங்குகிறார்? என் கருத்தில் அந்தச் சாயல் தேவையே இல்லாதது. உறையில் ரோக்ஃபோர் என்ற எழுத்தும் கூட்டமைப்பின் சிவப்புச் செம்மறி முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூஞ்சணத்தை இப்ப லேப்லயே வளர்க்கலாமே, குகை எதுக்கு இன்னும்?

வளர்க்கிறார்கள், பெரும்பாலான நிறுவனங்களுக்கு அது ஆய்வகத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் வகை மட்டும் இந்த வட்டாரக் குகைகளிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். உலகில் மற்ற நீல சீஸ்களுக்குப் பயன்படுத்தும் வகைகள் ஒரே மரபு வழியிலிருந்து திரும்பத் திரும்பப் பெருக்கப்பட்டவை. அவற்றின் மரபணு வளம் குறுகிப்போனதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள், 2024ல் பிரான்ஸின் தேசிய ஆராய்ச்சி மையமும் இதை வெளிப்படையாக எச்சரித்தது. ரோக்ஃபோர் வகைகளில் பன்மை கூடுதலாக மிஞ்சியிருக்கிறது. உள்ளூர் வகைதான் வேண்டும் என்ற விதி அதைக் காப்பாற்றியிருக்கிறது.

குகைக்கு வருவோம். குளிர்ப்பெட்டியிலும் 10 டிகிரி வைக்கலாம், ஈரமும் கொடுக்கலாம். ஆனால் அப்படிச் செய்ய அனுமதித்த நாளே இந்தத் தொழில் ரோக்ஃபோரில் இருக்க வேண்டிய காரணம் போய்விடும். அந்த 14 நாளை யாராவது சம்பிரதாயம் என்று தள்ளிப் பேசினால், அதைக் கேட்க வேண்டியது மேட்டுநிலத்தில் கறவைக்கு ஆடு கட்டியிருக்கும் குடும்பங்களிடம்.